தன் முயற்சியில் முன்னேறிய தங்கங்களே, ஒரு நிமிஷம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், நம்ம பத்திரிகைகளுக்கும் வாட்ஸப் குரூப்புகளுக்கும் ஒரு கதை வேணும். "குடிகாரத் தந்தை, கூலி வேலைக்குப் போகும் தாய், சாதித்துக் காட்டிய மாணவி". மாநில ரேங்க் பட்டியல் போடறதை 2017லேயே தமிழக அரசு நிறுத்திடுச்சு. ஆனா கதை மட்டும் நிக்கலை. படத்துக்குக் கீழே நாலு கைதட்டல் பொம்மை, ஒரு நெருப்பு பொம்மை. அப்புறம் யாராவது ஒரு புண்ணியவான் வந்து கருத்து சொல்லுவார்: "படிக்கணும்கிற வெறி இருந்தா எதுவுமே தடை இல்லை. மத்ததெல்லாம் சாக்கு."

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

நானும் பொட்டி தட்டுறவன்தான். இஞ்சினியரிங் முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. எங்க வீட்டிலும் அப்பா குடிப்பார், ராத்திரி ஆனா அம்மாவுக்கு அடி விழும். அனுதாபத்துக்காக இதைச் சொல்லலை. இந்த விஷயத்தில் பேசறதுக்கு ஒரு சான்றிதழ் மாதிரி காட்டிட்டு மேட்டருக்குப் போறேன், அவ்வளவுதான். இது அபூர்வமான வீடும் இல்லீங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயசுக்குள்ள கல்யாணமான பெண்கள்ல சுமார் 38 சதவீதம் பேர் கணவன் கையால் வன்முறையை அனுபவிச்சதா சொல்லியிருக்காங்க. பத்து வீட்டுக்கு நாலு வீடு கிட்ட. அத்தனை வீட்டிலும் ஒரு மூலையில புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ஏழ்மை வேற, மோசமான வீடு வேற. நாம ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டிடறோம். அப்துல் கலாம் கதை எல்லாருக்கும் தெரியும், பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதி ஆனார்னு சொல்லுவோம். ஆனா அந்த வீட்டைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எம்.ஐ.டி.யில சேரப் பணம் பத்தலைன்னதும் அக்கா ஜோஹரா தன்னோட தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கொடுத்தாங்க. அவரே சுயசரிதையில எழுதியிருக்கார். அங்க காசுக்குத்தான் பஞ்சம், பிள்ளை மேல இருந்த அக்கறைக்குப் பஞ்சம் இல்லை. இப்ப அதே வளையலை அப்பாவே பீரோவில இருந்து எடுத்துட்டுப் போய் குடிச்சு அழிக்கிற வீட்டை நினைச்சுப் பாருங்க. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் போய் கலாம் கதையைச் சொல்லி "பார், அவரும் ஏழைதான்"னு உபதேசம் பண்றது எவ்வளவு பெரிய அபத்தம்! நம்ம சாதனைக் கதைகள்ல எல்லாம் பட்டினி கிடந்து படிக்க வைக்கிற அம்மா இருப்பாங்க, கை ரிக்‌ஷா இழுக்கற அப்பா இருப்பார். பிள்ளையோட ஃபீஸைக் குடிச்சிட்ட அப்பாவுக்கு அந்தக் கதைகள்ல இடமே கிடையாது. வந்தாலும் ஒரு வரியில தலைப்புக்கு மட்டும் வந்துட்டுப் போயிடுவார்.

சரி, இப்படிப்பட்ட வீட்டில் இருந்து பிள்ளைங்க வெளிய வர்றாங்களா? வர்றாங்க. எப்படி வர்றாங்கன்னுதான் கேள்வி.

இதை யாரோ உக்காந்து பொறுமையா ஆராய்ஞ்சிருக்காங்க. ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு. அங்க 1955ல பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு அம்மாக்கள் நாற்பது வயசு வரைக்கும் பின்தொடர்ந்து போய் எழுதி வச்சாங்க. அதில் சுமார் 210 பேருக்கு வறுமை, பெத்தவங்க சண்டை, குடி, வீட்டில் மனநோய்னு ஒன்னு மேல ஒன்னா பாரம். அந்த 210ல மூணுல ஒரு பங்கு பேர், 72 பேர், எந்தப் பெரிய சிக்கலும் இல்லாம நல்லபடியா வளர்ந்து நின்னாங்க. எது காப்பாத்துச்சு? பிறவிக் குணத்துக்கும் ஒரு பங்கு உண்டு, மறைக்கலை. ஆனா திரும்பத் திரும்ப வந்த விஷயம் வேற. பெத்தவங்களைத் தவிர, அந்தப் பிள்ளையை நம்பின ஒரு பெரியவர் இருந்தார். பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பள்ளிக்கூடத்து டீச்சரோ.

எனக்கு இதைவிடப் பிடிச்சது அடுத்த பகுதி. மீதி ரெண்டு பங்கு பேர் பத்து வயசிலயும் பதினெட்டு வயசிலயும் தடுமாறினவங்க. நம்ம ஊர்ல "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை"ன்னு சொல்லி கதையை முடிச்சிருப்போம். ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க முப்பது, நாற்பது வயசுக்குள்ள மீண்டுட்டாங்க. எப்படி மீண்டாங்கன்னு பார்த்தா, வயசானப்புறம் போய்ப் படிச்ச சமுதாயக் கல்லூரி அதில் ஒரு முக்கியமான திருப்பம். அதாவது கதவு ரெண்டாவது தடவையும் திறந்திருந்துச்சு. இங்க பதினேழு வயசுல ஒரே ஒரு பரீட்சையில சறுக்கினா "வளர்ப்பு சரியில்லை"ன்னு முத்திரை குத்தி அனுப்பிடறோம்.

ஆக, 'வெறி'ங்கறது கதையில பாதிகூடக் கிடையாது. வெறி எல்லார்கிட்டயும் இருக்குங்க. அதைக் கொண்டு போய் வைக்க ஒரு இடம் வேணும்.

படிப்பு காப்பாத்தும்னு சொல்றோமே, அது என்ன வழியா காப்பாத்துதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுல வரிசையா சொல்றேன். இதில் பாடப் புத்தகத்துக்கு இடம் கடைசியிலதான் வரும்.

ஒன்னு, நேரம். காலையில ஒன்பது மணியில இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வீட்டில் நடக்கிற எதுவும் பிள்ளை மேல விழாது. மணி அடிச்சா இந்த வகுப்பு, மணி அடிச்சா அந்த வகுப்பு. அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்ச ஏழு மணி நேரம். நல்ல வீட்டில் வளர்ந்தவங்களுக்கு இதோட அருமை தெரியாது. சனி, ஞாயிறு லீவுன்னா வயித்தைக் கலக்கற பிள்ளைங்க உண்டு. நான் பார்த்திருக்கேன். (நானே தான்.)

ரெண்டு, சோறு. 1956ல காமராஜர் ஆரம்பிச்ச மதிய உணவையும், 1982ல எம்.ஜி.ஆர் விரிவாக்கின சத்துணவையும் 'ஏழைப் பிள்ளைக்கு சோறு'ன்னு மட்டும்தான் பேசறோம். அதுக்கு இன்னொரு முகம் இருக்கு. ராத்திரி சண்டையில சட்டியே உடைஞ்சிருந்தாலும் அடுத்த நாள் மதியம் அந்தப் பிள்ளைக்கு சாப்பாடு உண்டு, யாரோட மனநிலையையும் அது நம்பி இருக்கலை. 2022ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்தை எங்க ஆபீஸ்ல கிண்டல் பண்ணாங்க: "ஏன், அம்மாக்களுக்கு இட்லி சுடக்கூட சோம்பேறித்தனமா?"ன்னு. முந்தின ராத்திரி அடி வாங்கின அம்மா காலையில எந்திரிச்சு இட்லி சுடணுமா சார்?

மூணு, ஒரு மனுஷன். எனக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு சார். பெரிய அறிவுரை எல்லாம் அவர் சொன்னதில்லை. "டேய், லெவன்த்ல டவுன் ஹாஸ்டல்ல சேர்ந்துடு, ஃபார்ம் நான் வாங்கித் தர்றேன்"னார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் என் வாழ்க்கையில எத்தனை வருஷத்தை மிச்சம் பண்ணுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் என்னால கணக்குப் போட முடியலை.

நாலு, தூரம். இதுதான் பெருசு. அரசு விடுதியில மூட்டைப் பூச்சி உண்டு, சாம்பார்ல பருப்பைத் தேடணும், ஒரு ஹாலுக்கு இருபது பேர். ஆனா ராத்திரி பத்து மணிக்கு யாரும் கதவை எட்டி உதைக்க மாட்டாங்க. பதினாறு வயசுல முதல் தடவையா ராத்திரி முழுக்கத் தூங்கினேன். மார்க் ஏறினதுக்கு அதுதான் காரணம், வெண்டைக்காய் இல்லை :-)

அஞ்சு, சம்பளம். டிகிரி முடிச்சு வேலைக்கு வந்தப்புறம்தான் தனி வீடு எடுத்து அம்மாவைக் கூட்டிட்டு வர முடிஞ்சது. அம்மாவுக்கு அதுவரைக்கும் 'போக இடம்' இல்லை. இருபத்தி அஞ்சு வருஷமா "சகிச்சுக்கோ"ன்னு சொன்ன சொந்தக்காரங்க ஒருத்தர் வீட்டிலும் ஒரு ரூம் காலியா இல்லை.

ஆறாவதா வார்த்தைகள். வீட்டில் நடந்ததுக்கு 'குடும்ப வன்முறை'ன்னு பேரு இருக்கு, 2005லேயே அதுக்கு ஒரு சட்டம் இருக்குன்னு படிச்சப்புறம்தான் தெரியுது. அதுவரைக்கும் அதுக்குப் பேரு 'எங்க அப்பா அப்படித்தான்'.

இப்ப நல்லா பாருங்க. இந்த ஆறில் எது 'தன் முயற்சி'? படிச்சது நாம, ஒத்துக்கறேன். ஆனா நேரம், சோறு, ஆசிரியர், விடுதி எல்லாமே யாரோ பட்ஜெட்ல பணம் ஒதுக்கி, யாரோ சம்பளம் வாங்கி, யாரோ வேர்த்து வடிய சமைச்சு வந்தது. ஒரு கையெழுத்துல வந்தது, ஒரு கையெழுத்துல போகவும் போகும். நிஜமாவே ஒரு தடவை போச்சு.

2020 மார்ச்ல கொரோனான்னு பள்ளிக்கூடத்தை மூடினாங்க. மூடினது சரி, வேற வழியில்லை. ஆனா திறந்த வரிசையைப் பாருங்க. டாஸ்மாக் கடை 2020 மே மாசமே திறந்தாச்சு. கோர்ட், கேஸ்னு நாலு நாள் இழுபறி, அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் திறந்தாங்க. ஒன்னாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1. ரெண்டாவது அலையில கடைகளைக் கொஞ்ச நாள் மூடினதைக் கழிச்சாலும் கணக்கு மாறாது. குடிக்கிற அப்பா வீட்டிலயே இருக்கார், கடை திறந்திருக்கு, பள்ளிக்கூடம் மூடியிருக்கு. 'கற்றல் இழப்பு'ன்னு எத்தனையோ பேர் கட்டுரை எழுதினாங்க. பெருக்கல் வாய்ப்பாடு மறந்ததைத்தான் எல்லாரும் அளந்தாங்க. அந்த ஒன்பதுல இருந்து நாலு மணி போனதை யார் அளந்தா?

டாஸ்மாக்னு சொன்னதும் ஒரு அறிவாளி கிளம்புவார்: "அந்தக் காசுலதானே உங்களுக்கு இலவசம்". ஆமாம் சார். 2003ல இருந்து சில்லறை மது விற்பனையும் அரசே. 2023-24ல மட்டும் அதில் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல. அதில் எங்க அப்பா பங்கும் இருக்கு. அதாவது எங்க வீட்டில் இருந்து எடுத்த காசுல கொஞ்சத்தை எனக்கு முட்டையா, சைக்கிளா, பாடப் புத்தகமா திருப்பிக் கொடுத்திருக்காங்க. இதுக்குப் பேரு இலவசமா? எங்க அம்மாவைக் கேட்டா 'பாக்கி'ம்பாங்க.

அடுத்த விஷயம். இந்த மொத்த அமைப்பும் ஒரு நல்ல அப்பா இருக்கார்ங்கற நம்பிக்கையில கட்டினது. எந்த ஃபார்மை எடுத்தாலும் 'தந்தை / பாதுகாவலர் கையொப்பம்'. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எதுக்குப் போனாலும் அப்பா பேர், அப்பா ஆவணம். 2014ல கவுன்சிலிங்குக்கு முன்னாடி முதல் பட்டதாரி சான்றிதழுக்காக நானும் அம்மாவும் ஒரு ஆபீஸ்ல மூணு நாள் நின்னோம். "அப்பாவைக் கூட்டிட்டு வாப்பா"ன்னு ஒரே பாட்டு. கூட்டிட்டு வர்ற நிலையில அவர் இருந்தா எதுக்குங்க எனக்கு இவ்வளவு அவசரம்? நாலாவது நாள் காலையில, அவர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கே ஆட்டோவில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போய் பத்து மணி வரைக்கும் காவல் காத்தோம். அந்தச் சலுகை இல்லைன்னா எனக்கு இஞ்சினியரிங் கிடையாது. 2010ல அந்தச் சலுகையைக் கொண்டு வந்தவங்களுக்கு நன்றி. ஆனா வீட்டில் இருந்து தப்பிக்கப் போற பிள்ளைகிட்ட, வீட்டோட கையெழுத்தை வாங்கிட்டு வான்னு சொல்ற புத்திசாலித்தனம் நம்ம ஊருக்கே உரியது.

இதே கணக்குதான் கோச்சிங்குக்கும். 2007ல தமிழ்நாட்டில் இஞ்சினியரிங், மெடிக்கல் நுழைவுத் தேர்வை எடுத்தாங்க. 2017ல நீட் வழியா மெடிக்கலுக்கு அது திரும்ப வந்துச்சு. 'தகுதி', 'தரம்'னு பக்கம் பக்கமா விவாதம். "அப்ப பிளஸ் டூ மார்க்குக்கு மட்டும் நாமக்கல் பக்கம் பிராய்லர் கோழி ஸ்கூல் இல்லையா?"ன்னு கேட்பீங்க. இருந்துச்சு. அதையும் நான் கொண்டாடலை. ஆனா வித்தியாசம் ஒன்னு இருக்கு. பள்ளிக்கூடப் பாடத்தை வச்சு ஆள் எடுத்தா, பள்ளிக்கூடம் மட்டுமே இருக்கற பிள்ளைக்கும் ஒரு வாய்ப்பு மிஞ்சும். பள்ளிக்கூடத்துக்கு வெளிய ரெண்டு வருஷம் கோச்சிங், ஒரு வருஷம் ரிப்பீட்னு ஆனா, ஃபீஸ் கட்ட ஒரு அப்பா, கொண்டு விட ஒரு வண்டி, ராத்திரி படிக்க ஒரு அமைதியான ரூம் எல்லாம் வேணும். அதாவது பள்ளிக்கூடம் கையில இருந்த வேலையைப் பிடுங்கித் திரும்பவும் குடும்பத்துக்கிட்டயே கொடுத்தாச்சு. எந்தக் குடும்பத்துக்கிட்ட இருந்து பிள்ளையை மீட்கணுமோ அதே குடும்பத்துக்கிட்ட. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020ல மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததால கொஞ்சம் மூச்சு விடறோம். அதையும் 'சலுகை'ன்னு முகம் சுளிக்கிற ஆட்கள் என் டீமிலயே இருக்காங்க. அதில் ரெண்டு பேர் முதல் பட்டதாரி சலுகையில படிச்சவங்க. பேர் சொன்னா நாளைக்கு என் கோடு ரிவ்யூ ஆகாது, விடுங்க.

அப்ப படிச்சா எல்லாம் சரியாயிடுமா? இல்லைங்க. இந்தப் பக்கமும் ஒரு பொய் இருக்கு, அதையும் உடைச்சிடுவோம். படிச்சவன் அடிக்க மாட்டான்னு எந்தச் சட்டமும் இல்லை. ஓ.எம்.ஆர் அபார்ட்மெண்ட்ல, ரெண்டு கார் வச்சிருக்கற வீட்டிலும் சத்தம் கேக்கத்தான் செய்யுது, என்ன, கதவு கொஞ்சம் கனமா இருக்கும். தப்பிச்சவனுக்குள்ளயும் வீடு அவ்வளவு சீக்கிரம் போயிடாது. அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா ரெண்டு பேரும் 1998ல வெளியிட்ட ஆய்வு ஒன்னு ரொம்பப் பிரபலம். சின்ன வயசில பட்ட அடி, வீட்டுக் குடி, சண்டை இதெல்லாம் வளர்ந்தப்புறம் இதய நோய் வரைக்கும் கொண்டு போய் விடுதுன்னு காட்டின ஆய்வு. அந்த ஆய்வுத் திட்டத்தில கலந்துக்கிட்ட 17,000க்கும் மேற்பட்டவங்க பரம ஏழைங்க இல்லை. இன்சூரன்ஸ் வச்சிருந்த நடுத்தர வர்க்கம், பெரும்பாலானவங்க காலேஜ் வாசல் மிதிச்சவங்க. அவங்கள்லயே மூணுல ரெண்டு பேர் குறைஞ்சது ஒரு கொடுமையாவது சொல்லியிருக்காங்க. டிகிரி உடம்புக்குள்ள போய் எதையும் அழிச்சிடலை. எனக்கும் இன்னைக்கு வரைக்கும் ராத்திரி கேட் சத்தம் கேட்டா காது தானா விறைக்குது.

ஆக, படிப்பு மருந்து கிடையாது. அது ஒரு பஸ் டிக்கெட். போற இடத்தில் நீங்க எப்படி இருக்கப் போறீங்கங்கறது வேற கதை. ஆனா டிக்கெட்டே இல்லாதவன்கிட்ட போய் "நடந்தே வந்திருக்கலாமே, வெறி பத்தலை"ன்னு சொல்றது அயோக்கியத்தனம்.

கோபமா பேசிட்டு மட்டும் போகக்கூடாது. என்ன வேணும்னும் சொல்லிடறேன்.

விடுதிகள். 2023ல உணவுப் படியை பள்ளி மாணவருக்கு மாசம் 1,000ல இருந்து 1,400 ரூபாயா உயர்த்தினாங்க, கல்லூரிக்கு 1,100ல இருந்து 1,500. உயர்த்தினது நல்லது. ஆனா முப்பது நாளால வகுத்துப் பாருங்க. மூணு வேளைக்கும் சேர்த்து நாளைக்கு 47 ரூபா கூட வரலை. நாம ஆபீஸ் கேண்டீன்ல ஒரு காபியும் ஒரு பஃப்ஸும் அதுக்கு வாங்கறோம். 2025ல 'சமூகநீதி விடுதி'ன்னு பேரு மாத்தினாங்க. பேரு நல்லாத்தான் இருக்கு. சாம்பார்ல பருப்பும் மாறணும், வார்டன் ராத்திரியில விடுதியிலயே தங்கணும். அரையாண்டு லீவுல, மே மாசத்துல வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைக்கு விடுதியைத் திறந்து வைக்கணும். லீவு விட்டா எங்க போறதுன்னு முழிக்கிற பிள்ளை ஒவ்வொரு விடுதியிலயும் இருக்கு.

கையெழுத்து. அம்மா கையெழுத்து மட்டும் போதும்னு எல்லா ஃபார்மிலயும் பெருசா அச்சடிங்க. தலைமை ஆசிரியர் உறுதி கொடுத்தா சான்றிதழ் கொடுங்க.

ரெண்டாவது கதவு. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., மாலைக் கல்லூரி, அஞ்சல் வழின்னு இருபத்தஞ்சு வயசுல திரும்பி வர்றவனை 'அரியர் கேஸ்'னு கேலி பண்ணாதீங்க. நம்ம கம்பெனிகள்லயும் 'பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாத்திலும் 60 சதவீதம், நடுவுல இடைவெளி கூடாது'ன்னு ஒரு விதி வச்சிருக்காங்களே, அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. பதினஞ்சு வயசுல எந்த வீட்டில் என்ன நடந்துச்சுன்னு அந்த 60க்கு என்ன தெரியும்? இது அரசாங்கம் செய்ய வேண்டியதுகூட இல்லை, இண்டர்வியூ எடுக்கற நாம எச்.ஆர். கிட்ட சண்டை போட்டா ஆகக்கூடியது. நான் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். இதுவரைக்கும் ரெண்டு பேரை உள்ள கொண்டு வந்தாச்சு. ரெண்டு பேரும் நல்லாத்தான் வேலை பார்க்கறாங்க, என்னைவிட ஆணி அதிகமாவே புடுங்கறாங்க.

தன் முயற்சியில் முன்னேறிய தங்கங்களே, உங்க உழைப்பை நான் மறுக்கலை. ஆனா உங்களுக்குப் பின்னாடி ஏணி பிடிச்சவங்களோட பட்டியலை ஒரு தடவை எழுதிப் பாருங்க. சத்துணவு ஆயால ஆரம்பிச்சு, ஃபார்ம் வாங்கிக் கொடுத்த சார் வரைக்கும். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டுச்சுன்னா, 'மத்ததெல்லாம் சாக்கு'ன்னு எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூச்சப்படுங்க.

பி.கு: உங்க தெருவிலயோ உறவிலயோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா 1098க்குப் போன் பண்ணுங்க, இலவசம்தான். (இந்த இலவசத்தையாவது திட்டாதீங்கப்பா.)